எந்த விமானம் வசதி? சென்னைக்குப் போகும் சகோதரிகளுக்கு

சென்னைக்குப் பறக்கும் எங்கள் பெண்களில் பலர் உல்லாசப் பயணம் போகிறவர்கள் அல்லர். யுத்த காலத்தில் கடல் கடந்த உறவுகளைப் பார்க்க, வைத்தியம் செய்ய, பிள்ளையின் கல்யாணப் பேச்சை முடிக்க என்று சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் போகிறவர்கள். ஆகவே, "எந்த விமானசேவை வசதி?" என்று அவர்கள் கேட்பது ஆடம்பரக் கேள்வி அன்று. ஆனால் சாதாரண வகுப்பில் வசதி என்பது சேவையின் பெயரில் மட்டும் தங்கியிருப்பதில்லை. எந்த ரக விமானம், எங்கிருந்து புறப்படுகிறது, ரிக்கற்றில் என்னென்ன அடங்கும் என்ற மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பலாலியா, கட்டுநாயக்காவா?

பலாலிக்கும் சென்னைக்கும் உள்ள வான்வழி புதியதல்ல. 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகவே சென்னைக்குப் பறந்தது. பின்னர் அறுந்திருந்த இத்தொடர்பு, 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானதும் மீண்டது. முதலில் அலையன்ஸ் எயார் வந்தது. 2020இல் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் வந்தது.

பலாலியிலிருந்தும் கட்டுநாயக்காவிலிருந்தும் சென்னைக்குப் பறக்கும் நேரம் ஏறத்தாழ ஒன்றேகால் மணித்தியாலம்தான். ஆனால் வடக்கில் இருப்பவருக்குக் கட்டுநாயக்கா என்றால் அதற்கு முன் ஓர் இரவுப் பஸ் பயணமும் உண்டு. ரிக்கற் விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள். பஸ் காசு, வழிச் சாப்பாடு, கூட வருபவரின் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். இடுப்பு வலி உள்ளவருக்கு ஒன்றேகால் மணித்தியால ஆசனத்தைவிட அந்த இரவே பெரிய சோதனை.

கால் வைக்கும் இடம்

ஓர் ஆசனத்தின் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த வரிசை ஆசனத்தின் அதே புள்ளி வரையுள்ள தூரத்தை வைத்தே முழங்காலுக்குள்ள இடம் கணக்கிடப்படுகிறது. சாதாரண வகுப்பில் இது பெரும்பாலும் 28 முதல் 32 அங்குலம் வரை இருக்கும்.

பலாலிக்கு வந்த இரு சேவைகளும் கொண்டுவந்தது ஏ.ரி.ஆர். 72 என்ற ஒரே ரகத்தைத்தான். பெயர் வேறு, விமானம் ஒன்று. எனினும் அலையன்ஸ் எயார் அதில் 70 ஆசனங்களும் இண்டிகோ 78 ஆசனங்களும் வைத்தன. பக்கத்துக்கு இரண்டாக வைத்தால் எட்டு ஆசனம் என்பது இரண்டு வரிசை. உடல் நீளம் ஒன்றே. ஆகவே அந்த இரண்டு வரிசைக்குமான இடம் மற்றவர்களின் முழங்காலுக்கு முன்னாலிருந்துதான் வருகிறது.

கொழும்பிலிருந்து பெரும்பாலும் பறக்கும் எயர்பஸ் ஏ320 ரகத்தில் பக்கத்துக்கு மூன்று ஆசனங்கள். நடு ஆசனம் கிடைத்தால் இருபுறமும் ஆள். ஏ.ரி.ஆரில் நடு ஆசனமே இல்லை; தாயும் பிள்ளையும் தனியாக இருக்கலாம். ஆனால் விசிறிச் சத்தம் கூட.

இன்னொன்று. ஏ.ரி.ஆரில் பயணிகள் ஏறி இறங்கும் வாசல் பின்பக்கத்தில் உள்ளது. எனவே சீக்கிரம் இறங்கலாம் என்று முன் ஆசனத்துக்கு மேலதிகக் காசு கொடுக்காதீர்கள். பின்பக்கமே வாசலுக்குக் கிட்ட. சத்தமும் அங்கே குறைவு.

சாப்பாடும் சாமானும்

ஸ்ரீலங்கன் போன்ற முழுச்சேவை விமானங்களில் உணவு ரிக்கற்றில் அடங்கும். மலிவுச்சேவைகளில் உணவுக்கும், விரும்பிய ஆசனத்துக்கும் பெரும்பாலும் தனிக்காசு. வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனால் உணவின் வித்தியாசம் பெரிதல்ல. சாமானின் நிறையோ பெரிது. அனுமதித்த கிலோவுக்கு மேல் போனால், விமான நிலையத்தில் கட்டும் காசு மலிவு ரிக்கற்றின் இலாபத்தையே விழுங்கிவிடும். வீட்டிலேயே நிறுத்துக் கட்டுங்கள்.

உடலில் காயம் உள்ளவர்களுக்கு

ஷெல் துண்டு உடலில் உள்ளவர்கள், செயற்கைக்கால் போட்டவர்கள் பயணத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. சோதனைக் கருவி சத்தமிடும், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் எழுதிய வைத்தியர் கடிதத்தைக் கையில் வைத்திருங்கள். பெண்களைப் பெண் உத்தியோகத்தரே சோதிக்க வேண்டும். மறைவான இடம் கேட்பது உங்கள் உரிமை.

இடது கால் மடங்காவிட்டால், நடைபாதையின் வலப்பக்கத்தில் நடைபாதையோர ஆசனத்தைக் கேளுங்கள். வலது கால் என்றால் இடப்பக்கம். அவசர வாசலருகே இடம் தரமாட்டார்கள். சக்கரநாற்காலி உதவிக்குப் பொதுவாகக் காசு இல்லை. ஆனால் இரண்டு நாளுக்கு முன்னரே சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். ஏ.ரி.ஆரில் படி ஏற வேண்டிவரும் என்பதால் இது மிக முக்கியம்.

ரிக்கற் எடுக்கும்போது முகவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள்: எந்த ரக விமானம்? எத்தனை கிலோ? சாப்பாடும் ஆசனமும் அடங்குமா? திகதி மாற்றினால் எவ்வளவு? விடையை எழுதி வாங்குங்கள். கேட்கக் கூச்சம் வேண்டாம். கொடுப்பது உங்கள் காசு. உட்காரப் போவதும் நீங்கள்தான்.