கயிறு, விசில், ஒன்பது நாள் லீவு

ஒன்பது நாள் லீவு வேணும்னு கேட்டதும் மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். லக்னோக்காரர், நல்ல மனுஷன். "ஊர்ல விசேஷமா?"ன்னார். "இல்ல சார், ஸ்கௌட் ட்ரெயினிங்"னேன். "பையனுக்கா?" "இல்ல, எனக்கு."

ஒரு நிமிஷம் ஒண்ணும் பேசல. அப்புறம் சிரிச்சுட்டே, "லீடர்ஷிப் ட்ரெயினிங்தான் நம்ம கம்பெனியே தருதே, ஆன்லைன்ல நாலு மணி நேரம், முடிச்சா சர்டிபிகேட்"னார். அந்தச் சர்டிபிகேட் என்கிட்ட ஏற்கெனவே மூணு இருக்கு. ஓட்டல் ஹால்ல கண்ணைக் கட்டிக்கிட்டுப் பின்னால சாஞ்சு, சக ஊழியன் பிடிச்சுப்பானான்னு பார்க்கிற விளையாட்டும் ஆடியாச்சு. (பிடிச்சான். அடுத்த வருஷ அப்ரைசல்ல விட்டுட்டான். அது வேற கதை.)

எப்படியோ லீவு கிடைச்சுடுச்சு. டிசம்பர்ல பச்மடி போறேன். மத்தியப் பிரதேசத்துல, சாத்புரா மலை மேல இருக்கு. பாரத் சாரண சாரணியர் இயக்கத்தோட தேசியப் பயிற்சி மையம் அங்கதான். புனேயில ரயில் ஏறி, இட்டார்சி தாண்டி பிபரியாவுல இறங்கி, அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் மலைப்பாதை. ஏழு நாள் பேசிக் கோர்ஸ், போக வர ரெண்டு நாள்.

இந்த வயசுல இது எதுக்குன்னு தங்கமணி உட்பட எல்லாரும் கேட்டாச்சு. அதனால கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க.

நான் பள்ளிக்கூடத்துல சாரணனா இருந்தது கிடையாது. திருநெல்வேலியில ஆனித் தேரோட்டம் அன்னைக்கு, ரத வீதியில கயிறு பிடிச்சு கூட்டத்தை ஒதுக்கிக்கிட்டு, தேர் இழுக்கிறவங்களுக்கு குடத்துல தண்ணி மொண்டு குடுத்துக்கிட்டு, கழுத்துல ஸ்கார்ஃப் கட்டின பசங்க நிப்பாங்க. எங்க வகுப்புப் பயலுகளும் அதுல உண்டு. அன்னைக்கு ஒரு நாள் போலீஸ்காரரே அவனுகளை "தம்பி, வாங்க"ன்னு கூப்பிடுவார். எனக்கு வயிறு எரியும். யூனிபார்ம் தைக்கக் காசு கேட்டா அப்பா என்ன சொல்வார்னு தெரியும், அதனால கேட்கவே இல்ல.

அந்த எரிச்சல் முப்பது வருஷம் உள்ள கிடந்து, புனேயில எங்க குடியிருப்புக்குப் பக்கத்துல ஒரு ஓபன் குரூப் ஆரம்பிச்சப்போ வெளிய வந்துடுச்சு. பள்ளிக்கூடத்தோட சேராம, பகுதிப் பிள்ளைங்களுக்காக நடக்கிற குழுவுக்குத்தான் ஓபன் குரூப்னு பேரு. பையனைச் சேர்க்கப் போனேன். "ஞாயித்துக்கிழமை ஒத்தாசைக்கு ஆள் வேணும், வர்றீங்களா?"ன்னாங்க. ஆசை இருந்தது, ஞாயித்துக்கிழமை ஆணியும் கிடையாது, போயிட்டேன். வேற எந்தத் தகுதியும் யாரும் கேட்கல. நானும் கேட்டுக்கல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

போன ஆகஸ்ட்ல சிங்கட் கோட்டைக்குப் பசங்களைக் கூட்டிக்கிட்டு ஏறினோம். பதினாலு பசங்க, பெரியவங்க ரெண்டு பேர். மழைக்காலத்துல சிங்கட் எப்படி இருக்கும்னு புனேவாசிகளுக்குத் தெரியும். பாதி மலை ஏறினதும் மேகம் இறங்கி, பத்தடி முன்னால போறவன் முதுகு தெரியாது. கீழ எண்ணினேன், பதினாலு. மேல போய் எண்ணிக்கலாம்னு விட்டுட்டேன். நடுவுல ஒரு அணித்தலைவன், பதிமூணு வயசுப் பையன், என் பக்கத்துல வந்து, "அங்கிள், என் அணியில ஒருத்தன் கம்மியா இருக்கான்"னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பின்னால வருவான், நீ நட." அவன் ரெண்டாவது தடவையும் சொன்னான். மழையில நனைஞ்ச எரிச்சல்ல, "சொன்னதைக் கேளு"ன்னு ஒரு அதட்டு அதட்டினேன்.

மேல போய் எண்ணினா பதிமூணு.

அடுத்த முப்பத்தஞ்சு நிமிஷத்தை நான் விவரிக்கப் போறதில்ல. ஷூ லேஸ் கட்ட நின்ன பையன், மேகத்துல வேற ஒரு கூட்டத்தோட பின்னால போயிட்டான். கோட்டையில பிட்லா பாக்ரி விக்கிற ஒரு மௌஷி, தனியா நின்ன அவனைப் பார்த்து, தன் கடைத் தார்ப்பாய்க்குக் கீழ உட்கார வச்சு, வெங்காய பஜ்ஜி குடுத்து வச்சிருந்தாங்க. கண்டுபிடிச்சதும் அந்த அணித்தலைவன்தான், நான் இல்ல. அவன் என்னை ஒரு வார்த்தை கேட்கல. கேட்டிருந்தா தேவலாம்னு இருந்தது.

சாயங்காலம் அந்தப் பையனோட அம்மாகிட்ட நானே நடந்ததைச் சொன்னேன். சத்தம் போடுவாங்கன்னு பார்த்தேன். அவங்க நிதானமா, "நீங்க இதுக்குப் பயிற்சி எடுத்திருக்கீங்களா?"ன்னு மட்டும் கேட்டாங்க. இல்லன்னேன். "நான் எடுத்திருப்பீங்கன்னு நினைச்சேன்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. அடுத்த வாரம் பையனை அனுப்பினாங்க. அதுதான் எனக்கு இன்னும் பாரமா இருக்கு.

நம்ம ஊர்ல ஒரு நம்பிக்கை. பிள்ளைங்க மேல பிரியம் இருக்கிறவன் யாரா இருந்தாலும் பிள்ளைங்களைப் பார்த்துப்பான்னு. ஸ்கூட்டர் ஓட்ட லைசென்ஸ் கேட்கிறோம், பதினாலு பிள்ளைங்களை மலைக்குக் கூட்டிக்கிட்டுப் போக "நல்ல மனுஷன்"ங்கிற பேரு போதும். என்னைக் கேட்டா, பயிற்சி எடுக்காத யாரையும், நான் உட்பட, பசங்களோட வெளியே அனுப்பக் கூடாது. "இப்படியெல்லாம் கறாரா இருந்தா ஆள் கிடைக்காது"ன்னு எங்க குழுவுலயே ஒருத்தர் சொல்றார். கிடைக்காட்டி மலைக்குப் போக வேணாம். மைதானத்துல முடிச்சு போட்டுப் பழகட்டும்.

வழி தவறுறது ஒண்ணுதான் ஆபத்துன்னும் இல்ல. 2012ல போக்சோ சட்டம் வந்ததுக்கு அப்புறமாவது நாம விழிச்சிருக்கணும். ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோட தனியா இருக்கக் கூடாது, எப்பவும் ரெண்டு பேர் இருக்கணும். பெரியவங்க படுக்கிற கூடாரத்துல பிள்ளைங்க படுக்கக் கூடாது. உலக சாரணர் அமைப்பே இதுக்குன்னு தனியாப் பயிற்சி வச்சிருக்கு. இதை எங்க வாட்ஸப் குரூப்ல போட்டப்போ, "நம்ம ஆளுங்களையே சந்தேகப்படுறியா"ன்னு ஒரு அப்பா கோவிச்சுக்கிட்டார். நான் யாரையும் சந்தேகப்படல சார். நான் நல்லவன்னுதான் எல்லாரும் நம்பினாங்க, அப்பவும் ஒரு பையன் மேகத்துல போயிட்டான்.

இந்தக் கோர்ஸுக்கு விசாரிக்கும்போதுதான் ஒண்ணு புரிஞ்சது. நான் பேசின வரைக்கும் வர்றவங்க எல்லாரும் வாத்தியார்கள்தான். பாதிப் பேர் ஹெட்மாஸ்டர் பேர் குடுத்துட்டார்னு வர்றவங்க. அவங்க மேல தப்பே இல்ல. தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை, அதோட இதுவும் ஒண்ணு. நம்மள மாதிரி பொட்டி தட்டுறவங்க கண்ணுல படவே மாட்டேங்கிறோம். ராஷ்ட்ரபதி விருது வாங்கினா ரயில்வேயில சாரணர் கோட்டா இருக்குன்னு பிள்ளைங்களை அனுப்பத் தெரியுது, கூட நிக்க மட்டும் ஆள் இல்ல. 2013 கம்பெனிச் சட்டத்துக்கு அப்புறம் பெரிய கம்பெனியெல்லாம் லாபத்துல 2 சதம் சமூகத்துக்குச் செலவு பண்ணணும். எங்க ஆபீஸ்ல வருஷத்துக்கு ஒரு நாள் எல்லாரும் ஒரே கலர் டீசர்ட் போட்டு மரம் நட்டு போட்டோ எடுப்போம். அந்த மரத்துக்கு யார் தண்ணி ஊத்துறாங்கன்னு எனக்கு இதுவரைக்கும் தெரியாது. ஊழியர் ஒருத்தர் ஒரு வாரம் பயிற்சி எடுத்துட்டு வந்து வருஷம் பூரா ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களோட நிக்கிறேன்னா, அதுக்கு லீவு சொந்தக் கணக்குல.

பயிற்சி எப்படி இருக்கும்னு ஏற்கெனவே போய் வந்தவர் ஒருத்தர் சொன்னார். கூச்சமாத்தான் இருக்கு. பெரியவங்களை அணி அணியாப் பிரிச்சுடுவாங்க. அணிக்கு மிருகம் இல்லாட்டி பறவை பேரு. இன்னைக்கு அணித்தலைவர், நாளைக்குப் பாத்திரம் கழுவுறவர். கூடாரம் பரிசோதனை, கொடியேத்தம், ராத்திரி தீ மூட்டிப் பாட்டு, நாடகம். ஏழு நாளும் நாம பசங்க. பேடன் பவல் 1907ல பிரௌன்சீ தீவுல பசங்களோட நடத்தின முதல் முகாமே இப்படி அணி அணியாத்தான். 1919 செப்டம்பர்ல இங்கிலாந்துல கில்வெல் பார்க்ல பெரியவங்களுக்கு முதல் பயிற்சி நடந்தப்போ அவங்களையும் அணியாப் பிரிச்சாங்க. தலைவன்னு ஒரு பையனை வச்சா, அவன் சொல்றதுக்கு மதிப்பு இருக்கணும். இல்லாட்டி அவன் வெறும் தோள்பட்டை நாடா. சிங்கட்ல எனக்குத் தெரியாமப் போனது இதுதான்.

கில்வெல் பயிற்சியை முடிச்சவங்களுக்கு மரமணி ரெண்டு கோத்த தோல் கயிறு குடுப்பாங்க. நம்ம நாட்டுல ஹிமாலயா வுட் பேட்ஜ்னு பேரு. பேசிக், அட்வான்ஸ்டு ரெண்டும் தாண்டித்தான் அது, எனக்கு இன்னும் ரொம்ப தூரம். அந்த மணியோட கதைதான் எனக்கு நெருடுது. ஜூலு மன்னர் டினுஜுலுவோட மாலையிலிருந்து வந்ததுன்னு பெருமையாச் சொல்வாங்க. மாலை பேடன் பவல் கைக்கு எப்படி வந்ததுன்னு பார்த்தா, 1888ல அந்த மக்களை அடக்கப் போன படையில அவரும் ஒருத்தர். நம்ம கோயில் சிலை வெளிநாட்டு மியூசியத்துல இருந்தா எகிறுறோம். இதுக்கு மட்டும் கை தட்டணுமா?

அதுக்காக இயக்கமே வெள்ளைக்காரன் சரக்குன்னு ஒதுக்கிடவும் முடியல. 1909ல பெங்களூர்ல முதல் படை தொடங்கினப்போ நம்ம பசங்களுக்கு அதுல இடம் கிடையாது. சும்மா இருக்கல நம்மவங்க. 1916ல மெட்ராஸ்ல அன்னி பெசன்ட் தனியா ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. தொப்பிக்குப் பதிலாத் தலைப்பாகை, நம்ம நாட்டுப் பாட்டு. வடக்க மாளவியா, குன்ஸ்ரு மாதிரி ஆட்கள். சுதந்திரத்துக்கு அப்புறம் 1950 நவம்பர் 7ல எல்லாம் சேர்ந்து பாரத் சாரணர் ஆச்சு. இரவல் சட்டைதான், ஆனா நம்ம அளவுக்கு வெட்டித் தைச்சுக்கிட்டது.

சட்டைன்னதும் ஞாபகம் வருது. சாம்பல் சட்டையும் கருநீல பேன்ட்டும் தைக்கக் குடுத்தேன். டெய்லர் இடுப்பை அளந்துட்டு, "செக்யூரிட்டி வேலையா சாப்?"னார்.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் தயாரிப்பு நடக்குது. குரு, என் பையன். ரெண்டாவது சோபான் முடிச்சவன், அதனால என்னை அலட்சியமாத்தான் பார்க்கிறான். ரீஃப், ஷீட் பெண்ட், கிளோவ் ஹிட்ச் மூணும் வந்துடுச்சு. பௌலைன் கண்ணை மூடிக்கிட்டுப் போடணுமாம், எனக்குத் திறந்துக்கிட்டே வரல. தங்கமணி துணி காயப்போடுற கொடியைக் காணோம்னு தேடுறாங்க. உறுதிமொழியை இந்தியில சொல்லிப் பழகுறேன். ஆபீஸ் இந்தியில சண்டை போடலாம், சத்தியம் பண்ண வரமாட்டேங்குது. என் உச்சரிப்பைக் கேட்டுப் பையன் தரையில புரண்டு சிரிக்கிறான். கடவுள்ங்கிற இடத்துல விரும்புறவங்க தர்மம்னு சொல்லிக்கலாம்னு விதியிலேயே இருக்கு. அது எனக்குப் பிடிச்சிருந்தது.

பெட்டியில இதுவரை தட்டு, டம்ளர், டார்ச், ஊசி நூல், கயிறு, ரெண்டு போர்வை, முதலுதவிப் பை போயிருக்கு. போன ஞாயித்துக்கிழமை அந்த அணித்தலைவன்கிட்ட பச்மடி போறதைச் சொன்னேன். சிங்கட் அன்னைக்கு நான் செஞ்சது தப்புன்னும் சொன்னேன், நாலு மாசம் தள்ளி. அவன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துட்டு, பையிலிருந்து அவனோட விசிலை எடுத்துக் குடுத்தான். "உங்க விசில் சரியா சத்தம் வராது அங்கிள், இதை எடுத்துட்டுப் போங்க. திருப்பிக் குடுத்துடணும்."

அதுவும் பெட்டியில இருக்கு. பச்மடியில டிசம்பர் ராத்திரி கூடாரத்துல படுத்தவங்க யாராவது இதைப் படிச்சா, ரெண்டு போர்வை பத்துமா, இல்ல ரஜாயே எடுக்கணுமான்னு மட்டும் சொல்லுங்க. வர்ற வெள்ளிக்கிழமை ரயில்.