அந்த ஒரு போல்ட்டு

"ஒரே ஒரு போல்ட்டுதான் தம்பி, கழட்டி பிராக்கெட்டை வச்சு திரும்பப் போட்டா முடிஞ்சது. அஞ்சு நிமிஷ வேலை." பட்டறையில் இப்படி யாராவது சொன்னால் அது எந்த போல்ட்டு என்று முதலில் கேளுங்கள். இன்ஜின் ஹெட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டு என்றால், அந்த அஞ்சு நிமிஷம் பல நூறு வெள்ளி 'டாப் ஓவர்ஹால்' செலவில் கொண்டுபோய் விடலாம்.

சில வாரங்களுக்கு முன் என் நிகழ்ச்சிக்கு அழைத்த பாடாங் செராய் தம்பிக்கு வந்த குழப்பம் இதுதான். கூலிம் தொழிற்சாலை ஒன்றில் வேலை. அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டி ஓய்வுபெற்றவர். மாதாமாதம் பினாங்குக்கு மருத்துவச் சோதனைக்குப் போகிற பழைய காரில் வேறு ஏர்கோன் கம்ப்ரெஸர் பொருத்த வேண்டும். அதன் பிராக்கெட்டை ஹெட் போல்ட்டின் அடியில் கொடுத்துவிடலாம் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். "அண்ணே, நடுவழியில ஹைவேயில நின்னுட்டா அப்பா என்ன பண்ணுவாரு?" என்று கேட்டார். அன்றைக்குப் பாட்டு போடவே மறந்து, அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். பிறகு சுங்கை பட்டாணியில் எனக்குத் தெரிந்த பழைய மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் போய் உட்கார்ந்து, விளக்கமாகக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

முறுக்கும்போது ஹெட் போல்ட்டு இழுபடுகிறது. இழுத்த ரப்பர் வளையம் மாதிரி அது திரும்பச் சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுவிசைதான் ஹெட்டைப் பிளாக்கோடு அழுத்தி, நடுவில் இருக்கும் கேஸ்கட்டைக் காக்கிறது. நாம் போடும் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இப்படி இழுக்கிறது. மற்றதெல்லாம் போல்ட்டுத் தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்வாகப் போய்விடுகிறது. அதனால் கொஞ்சம் துரு, கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் பெயிண்ட் இருந்தாலும் கணக்கு மாறிவிடும். 'கை சொல்லும்' என்பவரை நான் நம்புவதில்லை. தொழிற்சாலையில் ஒரு திருகாணிக்குக்கூட டார்க் அளவு பார்க்கிற நம் பிள்ளைகள், சனிக்கிழமை சொந்தக் காரில் மட்டும் கை அளவில் முறுக்குவது எனக்குப் புரிவதேயில்லை.

பிராக்கெட் 6 மில்லிமீட்டர் தடிப்பு என்றால், பழைய போல்ட்டு மரைக்குள் 6 மில்லிமீட்டர் குறைவாகத்தான் இறங்கும். அலுமினியப் பிளாக்கில் மரை பிய்ந்துவிடலாம். சரி, நீளமான போல்ட்டாகப் போடலாம் என்றால், அடி மூடிய துளையில் அது அடியில் போய் முட்டும். ஸ்பேனர் 'டக்' என்று சொல்லும், முறுகியதாகத் தோன்றும், ஆனால் ஹெட் இறுகியிருக்காது. துளைக்குள் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால் இன்னும் மோசம். திரவம் நசுங்காது என்பதால் பிளாக்கே வெடிக்கலாம். புல்வெட்டும் மெஷின்களில் வரும் பழைய பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் இன்ஜின்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஹெட் போல்ட்டுகள் சில நீளம், சில குட்டை. மாற்றிப் போட்டால் இதே தொல்லைதான்.

பிராக்கெட்டின் பெயிண்ட்டும் கவனிக்க வேண்டிய விஷயம். போல்ட்டுத் தலையின் அடியில் மாட்டிய பெயிண்ட், சூட்டில் மெல்ல நசுங்கி, இறுக்கம் குறையும். பெல்ட்டின் இழுப்பும் அதிர்வும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சில இன்ஜின்களில் போல்ட்டுத் துளை தண்ணீர் ஓடும் பகுதிக்குள் திறந்திருக்கும். அங்கே மரைக்கு சீலர் போடாவிட்டால் தண்ணீர் கசியும்.

கழட்டித்தான் ஆக வேண்டும் என்றால், இன்ஜின் இராத்திரி முழுக்க ஆறியிருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் கழட்ட வேண்டும். மரையைச் சுத்தம் செய்து, இன்ஜின் கையேடு சொல்கிற அளவுக்கு டார்க் ஸ்பேனரில் படிப்படியாக முறுக்க வேண்டும். 'டார்க் வைத்து, பிறகு இத்தனை டிகிரி திருப்பு' என்று கையேட்டில் இருந்தால், பல இன்ஜின்களில் அந்த போல்ட்டு ஒருமுறைதான் பயன்படும், புதியது வாங்குங்கள். பல போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டால், புதுக் கேஸ்கட் போட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வரிசைப்படி எல்லாவற்றையும் முறுக்குவதே முறை.

1985இல் வந்த புரோட்டோன் சாகாவும் 1994இல் வந்த காஞ்சிலும் நம் கெடா வீடுகளில் இன்னும் பலருக்குக் கைகால் மாதிரி. ஒரு பட்டறை தவறாக முறுக்கினாலும் பிறகு தண்ணீரும் எண்ணெயும் கலந்தால், கார் வைத்திருப்பவர்தான் கடன் வாங்குகிறார்.

அந்தத் தம்பிக்கு அண்ணன் சொன்ன வழி வேறு. பிளாக்கின் பக்கவாட்டில் ஏற்கெனவே மரை வெட்டிய காலித் துளைகள் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். இரண்டு இருந்ததாம். லேத் பட்டறையில் அதற்கேற்ற தகடு வெட்டி, ஹெட்டைத் தொடாமலே கம்ப்ரெஸர் ஏறிவிட்டது. முதல் மாதம் வாரத்துக்கு ஒருமுறை, இன்ஜின் ஆறிய பிறகு, ரேடியேட்டர் தண்ணீரையும் எண்ணெய்க் கம்பியையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். எண்ணெய் தே தாரிக் நிறத்தில் வந்தாலோ, புகைபோக்கியில் ஓயாமல் வெள்ளைப் புகை வந்தாலோ, வண்டியை எடுக்காதீர்கள், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.