விடைத்தாள் சொல்லும் செய்தி

தேர்வு முடிகிறது, விடைத்தாள்கள் திருத்தப்படுகின்றன, மதிப்பெண்கள் பதிவேட்டில் ஏறுகின்றன. அத்துடன் தேர்வின் பணி நிறைவடைந்ததாகவே நம்மில் பலரும் கருதுகின்றோம். மதிப்பெண் பட்டியல் பெற்றோரின் கையொப்பத்துக்குச் செல்கிறது. வகுப்பறை அடுத்த பாடத்துக்குச் செல்கிறது. விடைத்தாளில் இருந்த செய்தியோ படிக்கப்படாமலே கட்டி வைக்கப்படுகிறது. அடுத்து எதை, யாருக்கு, எவ்வாறு கற்பிக்க வேண்டும் என்பதை ஆசிரியருக்கு உணர்த்துவதே தேர்வின் முதற்பயன். அப்பயன் கிட்டாதபோது மாணவர் எழுதிய உழைப்பும் ஆசிரியர் திருத்திய உழைப்பும் பாதி வீணாகின்றன.

அளத்தலும் கவனித்தலும்

உழவர் தம் பயிரை இருமுறை மதிப்பிடுகிறார். பயிர் வளரும்போதே இலையின் நிறத்தைக் கண்டு, தேவை நீரா, உரமா என அறிகிறார். அறுவடைக்குப் பின் களத்தில் நெல்லை அளக்கிறார். பின்னது விளைச்சலைக் கூறும். முன்னது விளைச்சலை மாற்றும்.

கல்வியிலும் இவ்விரு மதிப்பீடுகள் உண்டு. 1967இல் மைக்கேல் ஸ்கிரிவன் என்னும் அறிஞர் கல்வித் திட்டங்களை மதிப்பிடுதல் பற்றி எழுதியபோது, இவ்விரண்டையும் வேறுபடுத்திப் பெயரிட்டார். பின்னர் பெஞ்சமின் புளூம் அவ்வேறுபாட்டை மாணவர் கற்றலுக்குப் பொருத்தினார். வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு எனத் தமிழில் நாம் அவற்றை வழங்குகிறோம். தமிழ்நாட்டில் 2012-13ஆம் கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையுடன் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு நடைமுறைக்கு வந்தது. அதில் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண்களும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண்களும் வகுக்கப்பட்டன.

எனினும் பெயர் மட்டும் பயன் தராது. வளரறி மதிப்பீட்டின் மதிப்பெண்ணும் கூட்டப்பட்டுப் பதிவேட்டில் உறங்குமானால், அது களத்தில் நெல் அளப்பதற்கு ஒப்பானதே. கற்பவர் பாடத்தை ஏற்றுக்கொள்ளும் முறையை அறிந்து ஆசிரியர் கற்பிக்க வேண்டும் என்பது நன்னூலின் பொதுப்பாயிரம் வகுத்த நெறி. அவ்வாறு அறிவதற்கு இன்று நம் கையிலுள்ள எளிய கருவி விடைத்தாளே ஆகும்.

கூட்டுத்தொகை மறைப்பது

வல்லினம் மிகும் இடங்கள் ஐந்து, மிகா இடங்கள் ஐந்து எனப் பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு நடப்பதாகக் கொள்வோம். இரு மாணவர்கள் ஐந்தைந்து மதிப்பெண்கள் பெறுகின்றனர். பதிவேட்டில் இருவரும் ஒரே நிலையினர். விடைத்தாள்களைப் பிரித்துப் பார்த்தால் உண்மை வேறாக இருக்கிறது.

முதலாமவர் 'கதவை திற', 'அந்த பையன்' என்று எழுதியிருக்கிறார். அவர் எங்குமே வல்லினத்தை மிகுக்கவில்லை. ஆகவே மிகா இடங்கள் ஐந்தும் அவருக்குத் தாமாகவே சரியாக அமைந்துவிட்டன. இரண்டாமவர் 'ஊறுக்காய்', 'தம்பிப் படித்தான்' என எல்லா இடங்களிலும் வல்லினத்தை மிகுத்திருக்கிறார். அவருக்கு மிகும் இடங்கள் ஐந்தும் சரியாயின. முதலாமவருக்கு இரண்டாம் வேற்றுமை விரியையும் சுட்டுச் சொற்களையும் விளக்க வேண்டும். இரண்டாமவருக்கு வினைத்தொகையையும் எழுவாய்த் தொடரையும் விளக்க வேண்டும். இருவருக்கும் 'இன்னும் நன்றாகப் படி' என்று அறிவுரை கூறுவதால் ஒருவருக்கும் பயனில்லை. பிழைக்கும் ஒரு முறைமை உண்டு; அம்முறைமையைக் கூட்டுத்தொகை மறைத்துவிடுகிறது.

இதனைக் கண்டறியக் கணினிகூடத் தேவையில்லை. ஒரு தாளில் மாணவர் பெயர்களை மேலிருந்து கீழாகவும், வினா எண்களை இடமிருந்து வலமாகவும் எழுதி, பிழையான விடைக்கு ஒரு புள்ளி இட்டால் போதும். நிரையில் உள்ள புள்ளிகள் ஒரு மாணவரின் இடர்ப்பாட்டைக் காட்டும். நிரலில் உள்ள புள்ளிகள் கற்பித்தலின் நிலையைக் காட்டும். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் முப்பத்தைந்து பேர் ஒரே வினாவில் தவறினால், மாற வேண்டியது கற்பித்த முறை, அல்லது திருந்த வேண்டியது கேட்ட வினா. ஐந்து பேர் தவறினால் அவர்களைச் சிறுகுழுவாக அமர்த்தலாம். ஒருவர் மட்டும் தவறினால் அவருடன் சில நிமிடங்கள் உரையாடலாம்.

நிலையறிந்து கற்பித்தல்

இக்கருத்து தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் செயல்வடிவம் பெற்றுள்ளது. கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டதால் ஏற்பட்ட கற்றல் இடைவெளியைக் குறைக்க, 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கப்பட்டது. அதில் குழந்தைகளின் கற்றல் நிலை அறியப்பட்டு, அதற்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்னும் பிரிவுகளில் கற்பித்தல் நிகழ்கிறது. அரும்பு மொட்டாகும், மொட்டு மலராகும். வளர்ச்சியைக் குறிக்கும் இப்பெயர்கள் ஒரு கடமையையும் சுட்டுகின்றன. இன்று அரும்பு நிலையில் உள்ள குழந்தையின் முன்னேற்றத்தை மீண்டும் மீண்டும் மதிப்பிட்டு, அடுத்த நிலைக்கு உயர்த்த வேண்டும். மறுமதிப்பீடு இல்லையெனில் நிலை முத்திரையாகிவிடும். உதவுவதற்காகப் பிரித்த பிரிவே குழந்தையைத் தாழ்த்துவதாக மாறிவிடும்.

தரவு சாட்டையாகும்போது

எல்லாத் தரவும் எல்லாருக்கும் உதவாது. 2021 நவம்பரில் நாடு முழுவதும் 3, 5, 8, 10 ஆகிய வகுப்புகளில் தேசிய அடைவு ஆய்வு நடைபெற்றது. மாதிரிப் பள்ளிகளைக் கொண்டு செய்யப்படும் இத்தகைய ஆய்வு, மாவட்ட அளவில் திட்டமிடத் துணைபுரியும். ஒரு வகுப்பறையில் எந்த மாணவருக்கு எந்த உதவி தேவை என்பதை அது கூறாது. அதைக் கூற வல்லவர் வகுப்பாசிரியரே.

தரவைத் தண்டனைக்குப் பயன்படுத்தினால் விளையும் கேட்டுக்கு, அமெரிக்காவின் அட்லாண்டா நகரப் பொதுப்பள்ளிகள் சான்றாகும். அங்குத் தேர்வு மதிப்பெண்களை உயர்த்துமாறு ஆசிரியர்களுக்குக் கடும் நெருக்கடி தரப்பட்டது. மாணவர் எழுதிய தவறான விடைகளை ஆசிரியர்களே அழித்துத் திருத்தும் நிலை உருவானது. 44 பள்ளிகளில் முறைகேடு நடந்ததாகவும், ஆசிரியர்களும் பள்ளித் தலைவர்களுமாக 178 பேருக்கு அதில் தொடர்பு இருந்ததாகவும் 2011இல் வெளியான ஜார்ஜியா மாநில விசாரணை அறிக்கை கூறியது. இதில் பேரிழப்புக்கு உள்ளானவர்கள் மாணவர்களே. படிக்கத் தடுமாறிய குழந்தை நன்றாகப் படிப்பதாக எண்கள் பொய் சொன்னால், அக்குழந்தைக்கு உதவ யார் முன்வருவார்?

நம் மாநிலத்தில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் மாநில அளவில் முதலிடங்களை அறிவிக்கும் வழக்கம் 2017இல் கைவிடப்பட்டது. வகுப்பறைக்குள்ளும் அதே மனநிலை வேண்டும். மாணவரை வரிசைப்படுத்தும் பட்டியல், முதல்வர் யார், கடையர் யார் என்று கூறும். எவருக்கு எது புரியவில்லை என்று கூறாது.

நேரம் எங்கே?

'பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லை. இதில் பிழைகளை ஆராய்வது எவ்வாறு?' என ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. தகவல்களைப் பதிவேற்றும் பணியும் அவர்களுடைய நேரத்தை எடுத்துக்கொள்கிறது. ஆகவே பள்ளி நிருவாகம் குறைவான தரவைக் கேட்க வேண்டும். அதைப் பயன்படுத்தக் கூடுதல் நேரம் தர வேண்டும். பயன்படுத்தப்படாத பத்துத் தேர்வுகளைவிட, பிழைகளைப் பேசித் தீர்த்த ஒரு தேர்வு மேலானது. அடிப்படை புரியாமல் அடுத்த பாடத்துக்குச் செல்வதால் மிச்சமாகும் நேரம், பின்னர் அதே பிழையை ஆண்டுதோறும் திருத்துவதில் செலவாகிறது.

மாணவர் பங்கு

விடைத்தாளின் செய்தி ஆசிரியருக்கு மட்டும் உரியதன்று. 1988இல் ரூத் பட்லர் என்னும் ஆய்வாளர், இஸ்ரேல் பள்ளி மாணவரிடையே தாம் நடத்திய ஆய்வை வெளியிட்டார். ஒரு பிரிவினருக்கு மதிப்பெண் மட்டும், இன்னொரு பிரிவினருக்குக் கருத்துரை மட்டும், மற்றொரு பிரிவினருக்கு இரண்டும் அளிக்கப்பட்டன. கருத்துரை மட்டும் பெற்றவர்களே ஆர்வத்திலும் திறனிலும் முன்னேறினர். இரண்டும் பெற்றவர்களிடம் அம்முன்னேற்றம் காணப்படவில்லை. மதிப்பெண் முன்னே நின்றதால் கருத்துரை பின்தங்கிவிட்டது.

மாணவர்களே, அடுத்த தேர்வின் விடைத்தாள் உங்கள் கைக்கு வரும்போது, கூட்டல் சரியா என்று பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எவ்வகைப் பிழை மீண்டும் மீண்டும் வந்துள்ளது என்று தேடுங்கள். அறியாமையால் தவறியவை, அவசரத்தால் தவறியவை, வினாவைப் புரிந்துகொள்ளாமல் தவறியவை எனப் பிரித்து எழுதுங்கள். அப்பட்டியலுடன் ஆசிரியரிடம் சென்று, 'இது எனக்குப் புரியவில்லை' என்று கேளுங்கள். அவருடைய அடுத்த வகுப்பு அக்கேள்வியிலிருந்து தொடங்கட்டும்.