குழந்தையின் வலிக்கும் சிகிச்சை வேண்டும்

புற்றுநோய் உற்ற குழந்தைக்குச் சிகிச்சை கிடைக்கிறதா என்று கேட்கும் நாம், அதன் வலி தணிகிறதா என்று கேட்பதில்லை. மாமல்லபுரம் கடற்கரைக் குப்பங்களிலிருந்து அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஏறத்தாழ 50 கிலோ மீட்டர். நள்ளிரவில் குழந்தை வலியால் துடிக்கையில், பெற்றோருக்கு அது கடக்க இயலாத தொலைவு.

கடும் வலிக்கு மார்ஃபினே முதன்மை மருந்து. உலக சுகாதார நிறுவனம் 2012-இல் இதைக் குழந்தைகளுக்கும் பரிந்துரைத்தது. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிகளை 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் தளர்த்தியது. எனினும், கட்டி நரம்பை அழுத்தும் சில குழந்தைகளுக்கு மார்ஃபின் மட்டும் போதாது. அளவைக் கூட்டினால் அரைமயக்கமும் குமட்டலுமே மிஞ்சும். அவர்களுக்கு உதவக்கூடியது ‘நெர்வ் பிளாக்’ எனும் நரம்புத் தடுப்பு முறை. அல்ட்ராசவுண்ட் துணையுடன் உரிய நரம்பருகே மரத்துப்போகச் செய்யும் மருந்து செலுத்தப்படுகிறது. மெல்லிய குழாய் பொருத்தினால் நிவாரணம் சில நாள்கள் நீடிக்கும். குழந்தை அசையாதிருக்க மயக்க மருந்தும் தேவை என்பதால், தேர்ந்த மயக்கவியல் மருத்துவர் இன்றியமையாதவர்.

இத்திறன் நமக்குப் புதிதன்று. கை, கால் அறுவை சிகிச்சைகளில் வழக்கமாகப் பயன்படுவதுதான். 1965-இல் தொடங்கிய செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி முதலான அரசுக் கல்லூரிகளின் மருத்துவமனைகளில், குழந்தைகளின் புற்றுநோய் வலிக்கென வாரம் ஒரு நாளேனும் இதற்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பேன். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் செவிலியர், மார்ஃபினுக்கும் அடங்காத வலியைக் கண்டால் குழந்தையை நேரே அங்கு அனுப்பும் ஏற்பாடும் வேண்டும். நோயை வெல்ல முடியாதபோதும், குழந்தையை வலியின்றி உறங்கவைப்பது அரசின் கடமையே.