வாய்க்குள் போனது எந்தச் சிமென்ட்?

கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் வீட்டில் ஒரு அட்டை இருக்கும். அதில் சின்ன ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருப்பார்கள். கண்ணுக்குள் வைத்த லென்ஸ் எந்தக் கம்பெனி, எவ்வளவு பவர், வரிசை எண் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். நம் வயதுக்காரர்கள் அதை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருப்பார்கள். அதே ஆட்கள் பல் டாக்டரிடம் போய் இரண்டு பல்லை அடைத்து, ஒரு கேப்பும் போட்டுக்கொண்டு வருகிறார்கள். கையில் ஒரு துண்டுச் சீட்டு. "ஃபில்லிங் 2, கேப் 1", கீழே தொகை. என்ன வைத்தார்கள் என்று கேட்டால், "சிமென்ட் அடைச்சிருக்கு" என்பதுதான் பதில். சில இடங்களில் அந்தச் சீட்டுகூட இல்லை.

இது தவறு என்பது என் கட்சி. வாயில் வைக்கும் பொருளின் பெயர், கம்பெனி, பேட்ச் எண் மூன்றையும் எழுதிக் கொடுக்காமல் பணம் வாங்கக் கூடாது. நாமும் அது இல்லாமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது.

"என்ன சிமென்டா இருந்தா என்ன சார், ஓட்டை அடைஞ்சா சரி" என்று சொல்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஊரில் சிமென்ட் என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது மூன்று பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, பழைய வெள்ளி அடைப்பு. அமால்கம் என்பார்கள். எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம், மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்புக் கலவை. இரண்டு, பல் நிறத்தில் வைத்து நீல வெளிச்சம் காட்டி இறுக வைக்கும் காம்போசிட். மூன்று, கிளாஸ் அயனோமர். லண்டனில் ஒரு அரசாங்க ரசாயன ஆய்வுக்கூடத்தில் வில்சன், கென்ட் என்ற இருவர் உருவாக்கி 1972இல் வெளியிட்டது. இந்த மூன்றும் குணத்தில் ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை.

முதலில் சாதாரணமான ஒரு கேள்வி. பல் அடைத்த அன்று ராத்திரி முறுக்கு கடிக்கலாமா? காம்போசிட் என்றால் வெளிச்சம் பட்ட உடனே இறுகிவிடுகிறது, மரத்துப்போனது தெளிந்ததும் சாப்பிடலாம். அமால்கம் முழு வலுவை அடைய ஒரு நாள் ஆகும். அதற்குள் அந்தப் பக்கம் அழுத்திக் கடித்தால் ஓரம் உடையும். பழைய வகைக் கிளாஸ் அயனோமர் ஆரம்பத்தில் எச்சில் பட்டால் மேல்பகுதி கரைந்து பலவீனமாகிவிடும். ஆக, என்ன வைத்தார்கள் என்று தெரியாதவனுக்கு அன்று ராத்திரி என்ன சாப்பிடுவது என்பதே தெரியாது.

அடுத்தது சூடும் குளிரும். பௌர்ணமிக் கிரிவலத்தில் சுக்குக் காப்பி குடித்த வாயோடு நாலு கடை தள்ளிப் போய் ஐஸ்கிரீம் சாப்பிடுகிற ஊர் இது. சூட்டில் எல்லாப் பொருளும் விரியும், குளிரில் சுருங்கும். எவ்வளவு என்பதில்தான் சமாசாரம் இருக்கிறது. ஒரு டிகிரி சூடு கூடினால் பல்லின் எனாமல் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 11 பங்கு விரிகிறது. கிளாஸ் அயனோமரும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அமால்கம் சுமார் 25. காம்போசிட், வகையைப் பொறுத்து, அமால்கம் அளவிலோ அதைவிட அதிகமாகவோ இருக்கும். வெறும் அக்ரிலிக் பிளாஸ்டிக் 80ஐத் தொடும். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்களே, அது சுருங்கிக் கட்டையைக் கவ்விக்கொள்ளும். பல்லில் நடப்பது அதற்கு நேர் எதிர். உள்ளே இருக்கும் அடைப்பு பல்லைவிட அதிகமாகச் சுருங்கினால் சுவரைவிட்டு விலகப் பார்க்கும். அந்த மயிரிழை இடைவெளியில் எச்சில் இறங்கும், கிருமி இறங்கும். வெளியே அடைப்பு பளபளவென்று இருக்க, அடியில் சொத்தை வளரும்.

காம்போசிட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. இறுகும்போதே கன அளவில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சுருங்கும். அதனால்தான் சாதாரணக் காம்போசிட்டை இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் ஒரே தடவையில் வைக்கக் கூடாது. ஒரு அடுக்கு, வெளிச்சம், மறுபடி ஒரு அடுக்கு, மறுபடி வெளிச்சம். ஆழமான குழியை ஒரே திணிப்பில் நிரப்பினால் மேலே கல்லாக இருக்கும், அடியில் வெளிச்சம் எட்டாமல் அரைவேக்காடாக இருக்கும். இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டார் என்று டாக்டரைப் புகழ்கிறோமே, அது புகழ வேண்டிய விஷயமா என்று பொருளின் பெயர் தெரிந்தால்தான் சொல்ல முடியும். ஏனென்றால் நாலு மில்லிமீட்டர் வரை ஒரே தடவையில் வைக்கக்கூடிய வகையும் வந்துவிட்டது.

கேப் விஷயம் இன்னும் மோசம். "செராமிக் கேப்" என்கிறார்கள். அதில் பெரும்பாலானவை உள்ளே உலோகத் தொப்பி, மேலே பீங்கான் பூச்சு. அந்த உலோகம் பல நேரம் நிக்கலும் குரோமியமும் கலந்தது. கவரிங் நகை போட்டால் அரிக்கிறது என்று சொல்லும் பெண்கள் எத்தனை பேர்! அவர்களில் பலருக்கு ஆகாதது நிக்கல்தான். அப்படிப்பட்டவருக்கு வாயில் என்ன உலோகம் என்று சொல்ல வேண்டாமா? நாளைக்குத் தலையில் எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால் வாயில் உலோகம் இருக்கிறதா என்று கேட்பார்கள். சில உலோகங்கள் படத்தில் கருநிழல் போட்டு மறைக்கும். "தெரியலையே தம்பி" என்று சொல்வதா? கேப்புக்கு அடியில் வலி வந்து அதைத் துளைக்க வேண்டியிருந்தாலும் இதே கதை. சிர்கோனியா என்றால் அதற்கான வைர முனை வேண்டும், உலோகம் என்றால் வேறு முனை. மகள் வீட்டுக்குப் பெங்களூர் போன இடத்தில் வலி வந்தால், அங்கே உள்ள டாக்டர் ஊகித்துத்தான் துளைக்க வேண்டும்.

கடினத்தையும் சொல்லிவிடுகிறேன். பீங்கான் எனாமலைவிடக் கடினமானது. அதன் மேல்பூச்சு தேய்ந்து சொரசொரப்பானால், எதிரே இருக்கும் நம் சொந்தப் பல்லை அரம்போல ராவிவிடும். ஆகவே உயரம் சரிசெய்யத் தேய்த்த பிறகு மறுபடி பாலிஷ் போட வேண்டும். மறுகோடியில் இருப்பது நம் பல் செட். அந்த அக்ரிலிக், எனாமலின் கடினத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதைப் பல்பொடியும் உமிக்கரியும் போட்டுத் தேய்க்கிறோம். கீறல் விழுந்து அழுக்குப் பிடிக்கிறது. கொதிக்கிற தண்ணீரில் போடுகிறோம். கோணிக்கொண்டு ஈறில் உட்கார மறுக்கிறது. ராத்திரி உலர வைக்கிறோம். அதற்குத் தண்ணீரில் கிடப்பதுதான் நல்லது. செட் சரியில்லை என்று டாக்டரைத் திட்டுவதற்கு முன் அது என்ன பொருள் என்று தெரிந்திருந்தால் பாதித் தொல்லை இல்லை.

பிரெஞ்சில் படித்த எனக்கு ஒரு சொல் நினைவுக்கு வருகிறது. பல் அடைப்பதற்கு அவர்கள் சொல்லும் வார்த்தை பிளோம்பாஜ். பிளோம் என்றால் ஈயம். நவீனப் பல் மருத்துவத்தின் தந்தை எனப்படும் பியேர் ஃபொஷார் தன் புத்தகத்தை வெளியிட்ட 1728இல் ஈயம், வெள்ளீயம், தங்கம் எல்லாவற்றாலும் பல்லை அடைத்தார்கள். ஈயம் போய்விட்டது, சொல் மட்டும் நின்றுவிட்டது. நம் "சிமென்ட்" அப்படிப்பட்ட சொல்தான். உள்ளே இருப்பது மாறிக்கொண்டே இருக்கிறது, மேலே உள்ள சொல் எதையும் சொல்வதில்லை.

நான் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். ஒரு கட்டு பேப்பர் வாங்கினாலும் ஸ்டாக் ரிஜிஸ்டரில் பெயர், அளவு, தேதி ஏறாமல் பில் பாஸ் ஆகாது. இது வெறும் குமாஸ்தா புத்தி என்று சிரிக்க வேண்டாம். பல் மருத்துவப் பொருள்களுக்குத் தர அளவுகள் வந்ததே இப்படி ஒரு கொள்முதல் கேள்வியால்தான். 1919இல் அமெரிக்க ராணுவம், எந்த அமால்கமை வாங்குவது என்று முடிவுசெய்யத் தர விதிகள் வேண்டும் என்று தன் நாட்டுத் தர அளவு அலுவலகத்தைக் கேட்டது. வில்மர் சவுடர் என்ற இயற்பியலாளர் சோதித்து அடுத்த ஆண்டு அறிக்கை கொடுத்தார். அந்த வழியில் வந்தவைதான் இன்றைய தர அளவுகள்.

எதிர்ப்பேச்சு என்ன வரும் என்று தெரியும். "நோயாளிக்கு இதெல்லாம் புரியாது" என்பார்கள். வீடு கட்டும்போது 43 கிரேடா 53 கிரேடா என்று கேட்கிறவன், நகை வாங்கும்போது 916 முத்திரையைத் தேடுகிறவன், ஆரணிப் பட்டில் ஜரிகையைச் சுரண்டிப் பார்க்கிறவள், தன் வாயைப் பற்றி மட்டும் புரியாமல் போவார்களா?

"பெயர் சொன்னால் விலை பேச ஆரம்பித்துவிடுவார்கள்" என்பது அடுத்தது. பேசட்டுமே. விலை உயர்ந்தது எல்லா இடத்துக்கும் சிறந்தது என்றில்லை. மலிவான கிளாஸ் அயனோமர் பல்லோடு ரசாயன முறையில் ஒட்டும், கொஞ்சம் கொஞ்சமாக ஃபுளோரைடு விடும். ஈறை ஒட்டிய பள்ளத்துக்கு அது நல்ல பொருள். கடைவாயில் பெரிய குழிக்கு அந்த அளவு வலு போதாது. இதை நோயாளியிடம் சொல்ல ஒரு நிமிடம் ஆகுமா?

"பொருளைவிடக் கைதான் முக்கியம்" என்பது மூன்றாவது. ஒத்துக்கொள்கிறேன். நல்ல கை உள்ளவர்கள் இந்த ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் எந்தப் பொருள் என்று எழுதி வைத்தால்தான் கெட்டது பொருளா கையா என்று பின்னால் பார்க்க முடியும்.

புதிதாக யாரும் எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2017ஆம் ஆண்டு மருத்துவச் சாதன விதிகளின்படி இந்தப் பொருள்களின் உறையில் பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண், காலாவதித் தேதி அச்சாகியிருக்க வேண்டும். அதைப் பார்த்து ஒரு வரி எழுதினால் போதும். சில சிர்கோனியா கேப்களுக்கு உத்தரவாத அட்டையே வருகிறது. அது நமக்குச் சேர வேண்டியது. கேட்டு வாங்குங்கள்.

நண்பர்களே, அடுத்த முறை பல் டாக்டரிடம் போகும்போது ஒரு சின்ன நோட்டு எடுத்துப் போங்கள். தேதி, எந்தப் பல், என்ன பொருள், எந்தக் கம்பெனி, பேட்ச் எண், எப்போது அந்தப் பக்கம் கடிக்கலாம் என்று ஆறு வரி. மரியாதையாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் சந்தோஷமாகவே எழுதிக் கொடுப்பார். எழுத மறுப்பவரிடம் பணம் கொடுப்பதற்கு முன் ஏன் என்று கேளுங்கள்.