சேற்றிற் புதைந்த உழவு இயந்திரமும் நெம்புகோற் பாரந்தூக்கியும்

காலபோக மழை இறங்கியதும் தென்மராட்சி, வடமராட்சி வயல்களில் உழவு இயந்திரத்தின் பின்சில்லுகள் சேற்றிற் புதைவதுண்டு. உடனே ஒருவர் மரக்குற்றியைக் கொணர்ந்து சில்லுகளின் முன்னே சங்கிலியாற் பிணைப்பார். மற்றவர் இயந்திரத்தை முடுக்குவார். இது பேரபாயமான வழக்கம். குற்றி தடுக்கச் சில்லுச் சுழலாது நின்றால், பொறியின் வலிமை முன்பாகத்தையே மேலெழுப்பும். கண்மூடித் திறக்குமுன் இயந்திரம் பின்புறமாகக் கவிழ்ந்து சாரதியை நசுக்கிவிடும்.

இதற்குப் பதிலாக நெம்புகோற் பாரந்தூக்கியைக் கமக்காரர் கைக்கொள்ளல் வேண்டும் என்பது எமது கருத்து. லொறிகளில் இருக்கும் குட்டையான 'ஜக்' அன்று இது. துளையிட்ட நெடிய உருக்குக் கோலில் ஏறி இறங்குவது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் 1905 ஆம் ஆண்டு முதல் செய்யப்பட்டு வருகின்றது. 4 அடி உயரமுள்ளது ஏறத்தாழ 30 இறாத்தல் நிறையுடையது. ஒருவரே தோளிற் சுமந்து வரப்பால் நடக்கலாம். பிடியை அழுத்துந்தோறும் இரண்டு ஊசிகள் மாறிமாறித் துளைகளிற் புகுந்து பாரத்தைப் படிப்படியாக ஏற்றும்.

இதன் அடித்தட்டு மிகச் சிறியது. வெறுஞ் சேற்றில் வைத்தால் சில்லு எழாது, தட்டே அமிழும். ஆதலின் அகன்ற பனம்பலகையை முதலில் இடுக. பொறியை நிறுத்தி, ஏனைய சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, தட்டையான உறுதியுள்ள இடத்தில் நாக்கைப் பொருத்துக. உருண்டையான அச்சில் அது வழுக்கும். சில்லு எழுந்ததும் குழியைக் கல்லாலும் பனைமட்டையாலும் நிரப்பி, இறக்கி, வந்த வழியே மெதுவாகப் பின்செலுத்துக. தூக்கிய பாரத்தின் கீழ் எவரும் கையையோ தலையையோ நுழைத்தலாகாது.

வீட்டிலும் இதற்கு வேலையுண்டு. பட்டுப்போன கதியாலையும் பழைய வேலித் தூணையும் சங்கிலி சுற்றி நேரே மேலிழுக்கலாம். வலிகாமத்துச் செம்மண்ணிற் கிணறு, வாய்க்கால் வெட்டுவோர் அலவாங்கால் மல்லாடும் சுண்ணக்கற்களையும் புரட்டலாம். வெங்காயம் ஏற்றிய பெட்டியின் சில்லைச் சந்தை வழியில் மாற்றுதற்கும் உதவும்.

ஏற்றுவதிலும் இறக்குவதே அபாயம். அப்போது பாரமே பிடியை மேல்நோக்கி உந்தும். யான் பயிற்சி பெற்ற நாளில் ஒருமுறை பிடியை நழுவவிட்டேன். அது தாடையிற் பட்டு இரண்டு பற்கள் போயின. தலையைப் பிடியின் பாதைக்கு வெளியே வைக்க மாணவர்க்கு யான் ஓயாது சொல்வது அதனாலேயே. ஊசிகளுக்கு மெல்லிய எண்ணெயே போதும். கிறீஸ் பூசினால் மணல் ஒட்டிச் சிக்கிக்கொள்ளும்.

பத்துப்பேர் தள்ளினாற் போதாதா என மூத்தோர் கேட்பர். வயலிற் பத்துப்பேர் நின்ற காலம் அது. இன்று இருவர் நிற்பதே அரிது. எனினும் ஒவ்வொருவரும் தனித்தனி வாங்குதல் வீண்செலவு. கமக்காரர் அமைப்புக்கு ஒன்று, அதனோடு இரண்டு பனம்பலகை, ஒரு சங்கிலி என்று இருந்தால் ஓர் ஊருக்குப் போதும். களஞ்சியத்தின் திறப்பு எவரிடம் உள்ளது என்பதை விதைப்புக்கு முன்னரே யாவர்க்கும் அறிவித்துவிடுக.