காகித வளையத்துக்கு ஒரு கும்பிடு

மேற்குத் தாம்பரத்தில் சண்முகம் சாலையை ஒட்டிய ஒரு பெட்டிக்கடையில் சுருட்டு ஒரு கட்டு கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “கோயிலுக்கா சார், உங்களுக்கா?” என்றார். எனக்குத்தான் என்றேன். எடுத்து முன்னால் வைத்த கட்டை உள்ளே தள்ளிவிட்டு வேறொன்றை எடுத்தார். “அது கொஞ்சம் காஞ்சது சார். சாமிக்குன்னா பரவாயில்ல.”

முனீஸ்வரன் காதில் இது விழுந்திருக்காது என்று நம்புகிறேன். கடைக்காரர்மேல் தப்பில்லை. பேன்ட் சட்டை போட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்து சுருட்டு கேட்கிற ஆளை அவர் மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் அதிகம். சுருட்டு என்றால் கருப்பசாமிக்கும் மதுரை வீரனுக்கும் படையல். அதை விட்டால் திண்ணைத் தாத்தாவின் உதட்டில் அணைந்தும் அணையாமலும் தொங்குகிற கறுப்புக் குச்சி. அப்படி ஒரு இலையையே சுருட்டி, இடுப்பில் பளபளவென்று ஒரு காகித வளையத்தைக் கட்டி, கண்ணாடிப் பெட்டியில் படுக்க வைத்துவிட்டால் அதன் பெயர் சிகார். அதைப் பிடிக்கிறவர் ரசிகர்.

விலை ஏற ஏற ருசியும் ஏறும் என்ற நம்பிக்கையோடுதான் எனக்குச் சண்டை. சேலையூரில் எங்கள் தெருவிலேயே இதற்கு ஒரு பக்தர் இருக்கிறார். பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் வேலை, வருஷத்துக்கு இரண்டு வெளிநாட்டுப் பயணம். துபாய் விமான நிலையத்தில் வாங்கிய சிகாரை வெளியே எடுத்தால் முதலில் விலையைச் சொல்வார், அடுத்து நாட்டைச் சொல்வார், அதற்கப்புறம் அதைப் பிடித்த சினிமாக்காரர்களின் பெயர்களைச் சொல்வார். எப்படி இருந்தது என்று கேட்டால், “சார், கியூபா சார்!” என்பார். நான் கேட்டது ஊரை இல்லை.

நாட்டுச் சுருட்டை ஆதரித்துப் பேச வருகிறவர்களும் இதே நோய்க்காரர்கள்தாம். திருச்சிச் சுருட்டின் பெருமை என்று யார் எழுதினாலும் இரண்டு வெள்ளைக்காரர்கள் கட்டாயம் வந்துவிடுவார்கள். ஒருவர் சர்ச்சில், மற்றவர் ஷெர்லாக் ஹோம்ஸ். சர்ச்சில் கதைக்கு நான் அதிக நேரம் ஒதுக்கப்போவதில்லை. 1896-இல் படையோடு பெங்களூருக்கு வந்தவர். அதற்கு முந்தின வருஷமே கியூபாவைப் பார்த்துவிட்டவர். கடைசிவரை கியூபா சிகார் அவர் கையை விட்டு இறங்கவில்லை. ஏழு அங்குல நீளச் சிகாருக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். நம் சுருட்டையும் அவர் பிடித்திருக்கலாம், ரசித்தும் இருக்கலாம். அதனால் என்ன? நமக்குச் சுதந்திரமே கூடாது என்றவர் நம் சுருட்டைப் பற்றி என்ன நினைத்தார் என்பதைச் சட்டைப்பையில் சான்றிதழாக வைத்துக்கொண்டு அலைய வேண்டுமா?

ஹோம்ஸ் விஷயம் இன்னும் வேடிக்கை. அவர் கதைப் பாத்திரம் என்பதையே பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். 1887-இல் வெளிவந்த முதல் நாவலில், கொலை நடந்த அறையின் தரையில் கிடந்த சாம்பலை அவர் பொறுக்கிப் பார்க்கிறார். கறுத்து, செதில் செதிலாக உதிர்கிற சாம்பல். கொலையாளி பிடித்தது திருச்சிச் சுருட்டு என்று அதை வைத்தே சொல்லிவிடுகிறார். நல்ல சுருட்டு என்று எங்கும் பாராட்டவில்லை; தடயமாகப் படித்தார், அவ்வளவுதான். சரி, அந்தக் கொலையாளிக்கு என்ன தொழில்? லண்டன் தெருக்களில் குதிரை வண்டி ஓட்டுகிறான். நம் கணக்கில் ஆட்டோக்காரர். உறையூரில் சுருட்டியதை லண்டனில் வண்டிக்காரன் பிடிப்பதாக எழுதினால் அங்கே வாசகர் யாரும் ஆச்சரியப்படமாட்டார் என்று கானன் டாயில் நினைத்திருக்கிறார். அந்த நாவலில் எனக்குப் பெருமை தருகிற இடம் இதுதான். இதை யாரும் மேற்கோள் காட்டிப் பார்த்ததில்லை.

திண்டுக்கல் வட்டாரத்தில் விளைந்த புகையிலை, திருச்சியில் சுருட்டாகி, கப்பலேறி, அந்த ஊர் பெயரிலேயே விற்றது. சென்னையின் ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலையே நடத்தியது. ஆங்கிலத்தில் ‘செரூட்’ என்ற சொல் ‘சுருட்டு’ என்ற தமிழிலிருந்து போனது என்று அவர்களுடைய அகராதிகளே ஒப்புக்கொள்கின்றன. இரண்டு முனையும் நேராக வெட்டியிருக்கும் என்பதால் முனை வெட்டத் தனிக் கத்தரிக்கோல் வேண்டாம். (அந்தக் கத்தரிக்கோலுக்கு நம் பக்தர் கொடுத்த விலையை இங்கே எழுதினால் அவர் வீட்டில் பிரச்சினை வரும்.) 1948-இல் வேடசந்தூரில் சுருட்டுப் புகையிலைக்கென்றே அரசு ஒரு ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. திண்ணைத் தாத்தாவின் குச்சி என்று நாம் ஒதுக்குகிற இலைக்கு விஞ்ஞானி வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

சாம்பல் பேச்சு வந்ததால் ஒன்று. சாம்பல் வெள்ளையாக இருந்தால் உயர்ந்த சிகார், கறுத்திருந்தால் மட்டம் என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். சாம்பலின் நிறத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மண். மெக்னீசியம், சுண்ணாம்புச் சத்து போன்றவை இலையில் எவ்வளவு ஏறின என்பதைப் பொறுத்து அது வெளுக்கும், கறுக்கும். அதை வைத்து நிலத்தைப் பற்றி ஏதாவது சொல்லலாம், சுருட்டிய கையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. எரிவு வேறு சங்கதி. உப்புத் தண்ணீர் பாய்ந்து குளோரின் ஏறிய இலை சரியாக எரியாது. அணைந்து அணைந்து போகும். வேதாரண்யத்து மணலில் வருகிற புகையிலை வாயில் போட்டு மெல்லத்தான் பேர்போனது. கிணற்றுத் தண்ணீர் உப்பா நல்ல தண்ணீரா என்பது சுருட்டுக்கு அவ்வளவு முக்கியம். காகித வளையத்தில் இதையெல்லாம் அச்சடிப்பதில்லை.

விலை நாக்கை ஏமாற்றும் என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2008-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஒரே ஒயினைப் பத்து டாலர் என்று சொல்லி ஒருமுறையும் தொண்ணூறு டாலர் என்று சொல்லி இன்னொருமுறையும் கொடுத்தார்கள். தொண்ணூறு டாலர் ஒயின்தான் நன்றாக இருந்தது என்றார்கள் குடித்தவர்கள். பொய் சொல்லவில்லை. விலையைக் கேட்டதும் மூளையில் இன்பத்தை உணர்கிற பகுதியே கூடுதலாக வேலை செய்ததை ஸ்கேனில் பார்த்தார்கள். ஆக, நம் பக்தர் நடிக்கவில்லை. அவருக்கு நிஜமாகவே நன்றாகத்தான் இருக்கிறது. இதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்துகிறது.

ஒரு ஞாயிறு சாயங்காலம் எங்கள் மொட்டை மாடியில் நாங்களும் ஒரு பரீட்சை வைத்தோம். நான்கு பேர். அவர் கொண்டு வந்த வெளிநாட்டுச் சிகார் இரண்டு வகை, என் திருச்சிச் சுருட்டு ஒரு வகை. வளையங்களை உரித்து, ஒரே நீளத்துக்கு வெட்டி, நடுவில் அலுமினியத் தாள் சுற்றி, என் மனைவி எண் போட்டுக் கொடுத்தாள். (“நாலு கழுதை வயசாச்சு” என்றது தனி.) சுருட்டு ஜெயித்தது என்று எழுதத்தான் ஆசை. அப்படி நடக்கவில்லை. ரயில்வேயில் ஓய்வு பெற்ற நண்பர் இரண்டு இழுப்பிலேயே சுருட்டைக் கண்டுபிடித்துவிட்டு, “இது எங்க அப்பா வாசனை, எனக்குப் பிடிக்கல” என்றார். பக்தர் அதே சுருட்டைக் கியூபா என்று சத்தியம் செய்தார். நான் மட்டும் என்ன வாழ்ந்தேன்? தொண்டையைக் கீறிய ஒன்றை நம் ஊர்ச் சரக்கு என்று ஒதுக்கினேன். தாளைப் பிரித்தால் மூன்றிலும் விலை கூடின சிகார். இரண்டு மாதம் ஏசி அறை அலமாரியில் கிடந்து அப்பளமாகக் காய்ந்திருந்தது. அன்றைக்குக் காகித வளையம் என் மண்டையிலும் ஒன்று இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். அதில் ‘மலிவு என்றால் கரடு’ என்று எழுதியிருந்தது.

மலிவுச் சுருட்டை எப்படிப் பார்ப்பது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இது. முதலில் விரலால் மெல்ல அழுத்திக்கொண்டே போக வேண்டும். ஓரிடம் பஞ்சு மாதிரி அமுங்கி அடுத்த இடம் கட்டை மாதிரி நின்றால் உள்ளே இலையைச் சீராக வைக்கவில்லை, ஒரு பக்கமாகவே எரியும். பற்ற வைப்பதற்கு முன் வெறுமனே ஒரு இழுப்பு இழுக்க வேண்டும். இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிற மாதிரி வந்தால் சரி. வழுக்கையில் மாட்டிக்கொண்ட ஸ்ட்ரா மாதிரி இருந்தால் இலையின் நடுநரம்பைக் கிழித்து எடுக்காமலே சுருட்டியிருக்கிறார்கள். பிறகு நெருப்பு. காரத்தையும் மணத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. காரம் தலைக்கு ஏறுகிறது, மணம் மூக்கில் தங்குகிறது. நம் சுருட்டில் காரம் எப்போதும் உண்டு. மணம்தான் கட்டுக்குக் கட்டு மாறும். நன்றாகப் பாடம் ஏறிய இலையில் முதல் பாதி கருக்கிய வெல்லம், நெல் அவிக்கிற பானையின் ஆவி; பின் பாதியில் மிளகு, டிகாஷன் கசடு. பாடம் போதாத இலையில் கண்ணைக் கரிக்கிற அமோனியா நெடி. கடைசி ஓர் அங்குலத்தில் எல்லாச் சுருட்டும் கசக்கும், அங்கே வைத்துத் தீர்ப்புச் சொல்வது அநியாயம்.

தேவதாரு, தோல், கோகோ என்று வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் பார்த்து ஒப்பிக்கிறார்களே, தேவதாரு மரத்தை இவர்கள் எங்கே முகர்ந்தார்கள்? தோல் வாசனையாவது குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அதைத் தெரிந்தவர் யாரும் பாராட்டாகச் சொல்லமாட்டார்.

நம் சுருட்டின் குற்றங்களை மறைக்கவும் எனக்கு விருப்பமில்லை. ஒரே கட்டில் இரண்டு அருமை, ஐந்து சுமார், மூன்று இழுக்கவே வராது என்று இருக்கும். விலை கூடின சிகாரில் நாம் காசு கொடுப்பது இந்தச் சீர்மைக்கு, பத்தும் ஒன்றுபோல் இருப்பதற்கு. அதை நான் மறுக்கவில்லை. அதற்கு மேல் கொடுக்கிற காசெல்லாம் வளையத்துக்கும் பெட்டிக்கும் பேச்சுக்கும். சுருட்டும் கைக்குக் கூலி ஏறாத தொழிலில் சீர்மை எங்கிருந்து வரும்? உறையூரில் இந்த வேலை தெரிந்த கைகள் குறைந்துகொண்டே போகின்றன. காய்ந்த கட்டு சாமிக்குப் போதும் என்று நினைக்கிற சந்தைக்கு யார் கவனமாகச் சுருட்டுவார்?

பாதுகாப்புப் பெட்டி என்று ஒரு வியாபாரம் உண்டு. எழுபது சதவீத ஈரப்பதம் வேண்டும் என்று மரப்பெட்டியும் அதற்கு ஒரு மீட்டரும் விற்கிறார்கள். ஐப்பசியில் தாம்பரத்தில் உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள், ஈரத்தை யாரும் நமக்கு விற்க வேண்டியதில்லை என்று தெரியும். இங்கே பயம் பூஞ்சையும் வண்டும்தான். மூடி இறுக்கமான எவர்சில்வர் சம்படம், வெயில் படாத அலமாரி, வாரம் ஒருமுறை திறந்து பார்க்கிற கண் இருந்தால் போதும்.

இந்த நம்பிக்கையின் மோசமான முகம் வேறு இடத்தில் இருக்கிறது. சிகரெட்தான் கெடுதல், நல்ல சிகார் ஒன்றும் செய்யாது, புகையை உள்ளே இழுப்பதில்லையே என்று படித்தவர்களே சொல்கிறார்கள். சுருட்டுப் பிடித்த தாத்தாவுக்குப் புற்றுநோய் வந்தால் சுருட்டு. சிகார் பிடிக்கிறவருக்கு வந்தால் விதி. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1998-இலேயே சிகாருக்கென்று தனி அறிக்கை வெளியிட்டுவிட்டது: வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் எல்லாவற்றிலும் அதற்குக் கை உண்டு. பெரிய சிகார் ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கலாம். சிகார் புகை காரத்தன்மை உள்ளது என்பதால் நிகோடின் வாயின் சதை வழியாகவே ரத்தத்தில் ஏறும், நெஞ்சுக்குள் இழுக்க வேண்டியதே இல்லை. கியூபா இலைக்கும் திண்டுக்கல் இலைக்கும் இதில் வித்தியாசம் கிடையாது. மலிவு என்பதற்காக என் சுருட்டு இந்தக் கணக்கிலிருந்து தப்பவும் இல்லை.

நான் மாதத்துக்கு இரண்டோடு நிறுத்திக்கொண்டவன். அது ஒன்றும் நற்சான்று இல்லை என்பது எனக்குத் தெரியும். காசநோய்க்காக 1928-இல் டாக்டர் சௌரிமுத்து தொடங்கிய ஆஸ்பத்திரியின் பெயரையே ரயில் நிலையத்துக்கு வைத்திருக்கிற ஊர்ப்பக்கம் குடியிருந்துகொண்டு புகையைப் பற்றி ரசனைக் கட்டுரை எழுதுவதில் இருக்கிற கோணல் எனக்குப் புரியாமல் இல்லை. மின்சார ரயிலில் சானடோரியம் வரும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகியிருக்கிறேன்.

போன வருஷம் இருமல் விடவில்லை என்று ஒரு டாக்டரிடம் போனேன். பழக்கம் உண்டா என்றார். சுருட்டு என்றேன். எத்தனை வருஷமாக, மாதத்துக்கு எத்தனை, வாயில் புண் ஏதாவது ஆறாமல் இருக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொண்டார். எந்த ஊர்ச் சுருட்டு, என்ன விலை என்று கேட்பார் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தேன். அவர் டார்ச்சை எடுத்து, “ஆ காட்டுங்க” என்றார்.